சூடேறும் குரல்

ஏப்ரல் 9

பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை அனுப்பிய லேப்டாப் இன்று வந்தது. பெட்டியைத் தூக்கியதும் கூரியர்காரன் காலிப் பெட்டியைத் தந்து ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். திறந்தால் பரீட்சை அட்டை கனத்தில் ஒரு சாமான்! ஆபரேஷனுக்குப் பிறகு என் வலது தோள் ஒரு செம்புத் தண்ணீர் தூக்கவே முனகுகிறது. அதற்காகவே தேடிப்பிடித்து மெலிசாக வாங்கியிருக்கிறார்.

குரல்வளையை எடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கோவில்பட்டி குற்றாலிங்கம் பட்டிமன்றத்தில் எழுந்தால் மைக் எதற்கு என்பார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை. மூச்சு மட்டும் அதன் வழியாகப் போய்வருகிறது. பேச்சு கிடையாது, இருமலுக்குக்கூட ஒழுங்கான சத்தம் கிடையாது.

மாப்பிள்ளை போனில் சொல்லச் சொல்ல இவள், என் வீட்டுக்காரி, மெஷினைத் திறந்து கொடுத்தாள். "அவையோருக்கு வணக்கம்" என்று தட்டினேன். என்டரை அமுக்கினேன்.

என் குரல்! என் பழைய மேடைப் பேச்சுப் பதிவுகளை எல்லாம் ஊட்டி அதற்குப் பழக்கிவிட்டிருக்கிறாராம். 'அவை'யில் நான் கொஞ்சம் இழுப்பேன், அந்த இழுப்பு அப்படியே வருகிறது. அடேயப்பா, மயிர் கூச்செறிந்துவிட்டது. செத்தவன் சுடுகாடு வரை போய்த் திரும்பி வந்து கதவைத் தட்டினால் எப்படி இருக்கும்?

இவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். பால் பொங்கியிருக்கும்.

ஏப்ரல் 11

நல்ல நாள் பார்த்து லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். பூசை அலமாரியில் வைத்துச் சாம்பிராணி காட்டினாள். நான் என் பங்குக்குத் திருநீற்றை அள்ளி மேலே தூவினேன். இனி அதுதானே என் நாக்கு.

ஏப்ரல் 15

நடுவர் ஐயா போன் பண்ணினார். இவள்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"லிங்கம், வைகாசித் திருவிழாவுக்குக் கழுகுமலைப் பக்கம் ஒரு ஊர்ல கூப்பிடுதாங்க. உன்னையும் சேத்துக்கலாம்னு பாக்கேன். ஒரு தடவ பாப்போம். நல்லா வந்துச்சுன்னா வருஷம் பூரா மேடை உண்டு. வரலைன்னா மனசுல வச்சுக்கக் கூடாது, என்ன?"

மனசில் வைத்துக்கொள்ளக் கூடாதாம்! ஒரு தடவை சொதப்பினால் பிறகு எந்தத் திருவிழாக் கமிட்டியும் என் வாசலை மிதிக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தலைப்பு: குடும்பத்தின் நிம்மதியைப் பெரிதும் தாங்கி நிற்பது கணவனா, மனைவியா? நான் கணவன் அணி. இருபது வருஷமாக எனக்குக் கணவன் அணிதான். மனைவி அணிக்கு எபனேசர். என்ஜினியரிங் காலேஜில் வெப்பத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிற பேராசிரியர். மேடையில் என்னை வாட்டி எடுத்துவிட்டு, கீழே இறங்கியதும் என் இலையிலிருந்து வடையை எடுத்துத் தின்கிற ஆள்.

ஏப்ரல் 20

முதல் ஒத்திகை. கட்டிலில் சாய்ந்து, மடியில் தலையணை, அதன்மேல் மெஷின்.

ஆரம்பத்தில் நான் தட்டி முடித்த மறுகணம் பேச்சு வந்தது. எனக்கே பிரமிப்பு. கால்மணி நேரம் போயிருக்கும், உள்ளே விசிறி 'ஙொய்' என்று கத்த ஆரம்பித்தது. அதன்பின் ஒவ்வொரு வரிக்கும் முக்கி முனகி யோசிக்கிறது. மாமியாரைப் பற்றி ஒரு நகைச்சுவை போட்டேன். அது வெளியே வருவதற்குள் சிரிப்பு செத்து, பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்துவிட்டது.

பட்டிமன்றத்தில் பதிலடி உடனே விழ வேண்டும். ஆறிப்போன பதிலடிக்குப் பெயர் அறிக்கை.

கோபத்தில் மூடியை அறைந்து சாத்தினேன். இவள் வந்து அதைத் தடவிப் பார்த்தாள். "கை வைக்க முடியல, இப்படிக் காந்துது. பாவம்" என்றாள். எனக்குப் பாவம் பார்க்க ஆளில்லை.

ஏப்ரல் 22

மாப்பிள்ளை போனில் விளக்கினார். குரலைச் செய்கிற வேலை முழுவதும் மெஷினுக்குள்ளேயே நடக்கிறதாம். இன்டர்நெட்டில் செய்தால் மெஷினுக்குச் சிரமமில்லை, ஆனால் திருவிழாக் கூட்டத்தில் சிக்னல் செத்துவிடும். மெலிசான உடம்பு, சூடு வெளியே போக இடம் குறைவு. நூறு டிகிரியை நெருங்கினால் கருகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

"எதுமேல வச்சிருக்கீங்க, மாமா?"

"தலகாணி மேல" என்று இவள் போட்டுக்கொடுத்தாள்.

"ஐயோ, காத்து இழுக்கிற ஓட்டையெல்லாம் அடியிலதான இருக்கு!"

ஏப்ரல் 23

தலையணையை எடுத்தாயிற்று. கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

ஏப்ரல் 27

எபனேசருக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். எதிரணிக்காரனிடமா உதவி கேட்பது என்று மூன்று நாள் வீம்பு பிடித்துவிட்டுத்தான் அனுப்பினேன். காலையிலேயே சின்னச் சின்னத் திருப்புளிகளோடு வந்து நின்றார்.

"மதினி, காப்பி போடுங்க. உங்க வீட்டுக்காரர் வாயைத் தெறந்து பாக்கப் போறேன்."

மேஜையில் வெள்ளைத் துண்டை விரித்து, மெஷினைக் கவிழ்த்து, கண்ணுக்கே தெரியாத திருகுகளைக் கழற்றினார். அடிமூடி வந்ததும் குனிந்து உற்றுப் பார்த்தார். பிறகு குலுங்கிச் சிரித்தார்.

"அண்ணாச்சி, இது லேப்டாப்பா, திருநீத்துச் சம்படமா? மெஷினுக்கும் பட்டை போட்டு விட்டுருக்கீகளே!"

விசிறி வாயிலிருந்த தகட்டு இடுக்கெல்லாம் திருநீறு. சாம்பிராணிப் பிசினில் ஒட்டிக் கெட்டியாகிவிட்டது. நான் இவளைக் கை காட்டினேன், இவள் என்னைக் கை காட்டினாள். பல்பிடுங்கும் டாக்டர் மாதிரி பொறுமையாகச் சுரண்டி ஊதி எடுத்தார்.

பிறகுதான் அதைக் காட்டினார். சிப்பின் தலைமீது படுத்து, வளைந்து, விசிறி வரை ஓடுகிற ஒரு செம்புக் குழாய். தட்டையாக, வெற்றிலைக் காம்பை நசுக்கிய கனம்.

"இதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இருக்கு, அண்ணாச்சி. உள்ளருந்து காத்தை உறிஞ்சி எடுத்துட்டு மூடியிருக்கான். அதனால கொஞ்சம் சூடு பட்டாலே கொதிச்சு ஆவியாயிரும். ஆவி இந்த முனைக்கு ஓடும். இங்க விசிறி ஊதும். குளுந்து தண்ணியாயி, உள்ள திரி மாதிரி ஒண்ணு இருக்கு, அது வழியா பழைய இடத்துக்கே வந்துரும். திரும்பக் கொதிக்கும்."

மோட்டார் எங்கே என்று கையால் சுற்றிக் கேட்டேன்.

"மோட்டார் கிடையாது. சூடுதான் தள்ளுது."

நான் உட்கார்ந்துவிட்டேன். சூட்டை வெளியே அனுப்பச் சூடே கூலியாள்! ஒரு சொட்டுத் தண்ணீர், மூடிய இருட்டுக்குள், யாரும் பார்க்காமல் போவதும் வருவதுமாக இருக்கிறது. நான் மாமியாரைக் கிண்டல் பண்ணும்போதெல்லாம் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மேடையில் எத்தனையோ அதிசயங்களை அளந்துவிட்டிருக்கிறேன். இப்படி ஒன்றை அளக்கத் தோன்றியதே இல்லை.

சிப்புக்கும் குழாய்க்கும் நடுவிலிருந்த பசையைக் கம்பெனியிலேயே சரியாகப் பரப்பாமல் திட்டுத் திட்டாக வைத்திருக்கிறார்களாம். சுரண்டி எடுத்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் புதுப் பசை தடவினார். "மயிரிழை சந்து இருந்தாலும் சூடு தாண்டாது" என்றார். இவள் எட்டிப் பார்த்து, "அந்தத் தண்ணி எப்பமாச்சும் வத்திப் போகுமா?" என்று கேட்டாள். "வத்தாது மதினி, வெளிய போக வழியே இல்ல" என்றார். இவள் தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

மே 4

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. கோவில்பட்டியில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது.

பசை மாற்றிய பிறகு அரைமணி நேரம் தாங்கியது. போதாது. எபனேசர் மறுபடி வந்தார். இந்த முறை ரப்பர் மாதிரி ஒரு மெத்துத் துண்டை வெட்டி, செம்புக் குழாய்க்கும் அடிமூடிக்கும் நடுவில் வைத்தார். அடிமூடி முழுக்க உலோகம் அல்லவா, அதுவும் சேர்ந்து சூட்டை வாங்கி வெளியே விடுமாம்.

"ஆனா ஒண்ணு, இனிமே மடியில வைக்கப்படாது. வேட்டி தீஞ்சிரும்." பின்பக்கம் தூக்கலாக நிற்க ஒரு கம்பி ஸ்டாண்டும் கொடுத்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஏதோ ஒரு கட்டத்தைத் திறந்து, சிப் இழுக்கிற கரண்டைப் பாதியாகக் குறைத்தார். 'என் குரலை மெதுவாக்கவா வந்தீர்?' என்று காகிதத்தில் எழுதி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இருங்க அண்ணாச்சி. நீங்க எப்படிப் பேசுவீக? மைக்கு கைக்கு வந்ததும் உச்சத்துல ஏறுவீக. கடைசிப் பத்து நிமிசம் சோடா குடிச்சிட்டுக் கெடப்பீக. நான் அப்பத்தான உங்கள அடிப்பேன்! இந்த மெஷினும் உங்க ஜாதிதான். தொடக்கத்துல அவ்வளவு தவ்வ வேண்டாம்."

கெட்டவன். இருபது வருஷ ரகசியத்தைச் சாவகாசமாகச் சொல்கிறான்.

சோதித்துப் பார்த்தோம். முதல் வரி முன்பைவிட ஒரு கண் சிமிட்டல் தாமதம், அவ்வளவுதான். ஆனால் இவள் சோறு வடித்து, குழம்பு இறக்கி, அப்பளம் பொரித்து முடிக்கும் வரை பேசினேன். கடைசி வரியும் முதல் வரி மாதிரியே வந்தது. விசிறிகூடக் கத்தவில்லை. குறைத்ததால் கூடியது! இது என்ன கணக்கு? பள்ளிக்கூடத்தில் எவனும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

மே 10

'எல்லாத்தையும் முன்கூட்டியே பேச வச்சு ரெக்கார்டு பண்ணி வச்சுக்கிட்டா என்ன? சூடே ஆகாதே' என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். நல்ல பிள்ளை, ஆனால் பட்டிமன்றம் தெரியாது. எபனேசர் என்ன சொல்வார் என்று தெரியாமல் பதிலை எப்படி ரெக்கார்டு பண்ணுவது? அது எதிராளி இல்லாமல் சிலம்பம் சுற்றுகிற வேலை.

மே 13

அடுப்படியில் தோசை கருகியது. நான் ஒத்திகை பார்க்கும்போது இவள் நிலைப்படியில் வந்து நின்றுவிடுகிறாள், அடுப்பை மறந்துவிடுகிறாள். மனைவியைக் கேலி பண்ணுகிற இடம் வந்தால்கூடச் சிரிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். ரசனை போதாது.

ஒத்திகை முடிந்ததும் மெஷினை அணைத்துவிடுவேன். காப்பி, துண்டு, மாத்திரை இதற்கெல்லாம் விரலைக் காட்டினால் போதும். வீணாக அதைச் சூடாக்குவானேன்?

மே 19

முழு ஒத்திகை. எபனேசர் எதிரே உட்கார்ந்து மனைவி அணியாகப் பிய்த்து உதறினார். சொல்லுக்குச் சொல் கொடுத்தேன். போகும்போது, "நானே ரிப்பேர் பண்ணி நானே அடி வாங்குதேன், இப்படி ஒரு கூமுட்ட உலகத்துல உண்டா?" என்றார். இவள் அவருக்கு ஒரு டப்பா நிறைய அதிரசம் கட்டிக் கொடுத்தாள்.

மே 24

நாளை. தூக்கம் வருமா தெரியவில்லை. பயமெல்லாம் ஒன்றும் இல்லை. ஸ்டாண்டைத்தான் நாலு தடவை துடைத்து வைத்தேன்.

மே 25

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ராத்திரிக்கு ஆடல் பாடல் வைத்துவிட்டார்கள். பட்டிமன்றத் தமிழுக்குச் சாயங்காலம் நாலு மணி! தகரப் பந்தல், அடியில் கொதிக்கிற காற்று. கூட்டம் மட்டும் குறைவில்லை, வேப்பமரத்துக் கிளையில்கூட ஆள். கழுத்துத் துளைக்குத் துணை வேண்டும் என்று இவளும் வந்திருந்தாள். முன்வரிசையில் தண்ணீர்ப் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் பொன்னாடை. தலைவர் எனக்குப் போர்த்தியதும், துளையை மூடாமல் சட்டென்று தோளுக்கு ஒதுக்கிக்கொண்டேன். பழகிவிட்டது. அப்போது செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"ஐயா அவர்களுக்குக் குரலாக நின்று உழைக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் விழாக் கமிட்டி சார்பாகப் பொன்னாடை போர்த்தப்படுகிறது!"

கூட்டம் கை தட்டியது பாருங்கள்! சரிகை போட்ட சிவப்பாடை. லேப்டாப்பின் முதுகை மூடி, ஸ்டாண்டைச் சுற்றி, மேஜை வரை தொங்கவிட்டு, மடிப்பை நீவியும் விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு இயந்திரத்துக்குப் பொன்னாடை போர்த்துகிற சனம் வேறெங்கே உண்டு? அது எனக்குத் துணியாகவே தெரியவில்லை, மரியாதையாகத்தான் தெரிந்தது. நடுவருக்கு அந்தப் பக்கம் எபனேசர் குனிந்து குறிப்புப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரும் பார்க்கவில்லை.

அவர் முதலில் பேசினார். "வீட்டுல பீஸ் போயி கரண்டு நின்னுச்சுன்னா கம்பி எங்க இருக்குன்னு புருசனுக்குத் தெரியுமா? 'ஏட்டி, எங்க வச்ச'ன்னு பொண்டாட்டியத்தான கேப்பான்!" ஒரே விசில்.

என் முறை வந்தது. வணக்கம் சொன்னேன். ஒன்றரை வருஷம் கழித்து நாலு திசை ஒலிபெருக்கியிலும் என் குரல்! கூட்டம் எழுந்தே நின்றுவிட்டது. உடனே அடித்தேன்: "கம்பி எங்கேன்னு கேக்கிறவன் புருசன்தான். ஆனா ஏணியில ஏறுறவன் யாரு? ஷாக் அடிச்சா கீழ விழுறவன் யாரு? விழுந்தப்புறம், 'அந்த ஏணி உடஞ்சிருச்சா'ன்னு கேக்கிறது யாரு?" பந்தல் அதிர்ந்தது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நாலைந்து அடி இப்படி. பிறகு ஒரு வரி தங்கியது. அடுத்தது இன்னும் தங்கியது. விசிறி கத்துகிறது. "குடும்பம்..." என்றது. நிறுத்தியது. "என்பது..." என்றது. நிறுத்தியது. கூட்டத்தில் சலசலப்பு. பின்னால் ஒருவன் ஊளையிட்டான். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். எபனேசர் என்னைப் பார்த்துத் தன் தோளிலிருந்து எதையோ உருவி எறிவது போலக் கையை வீசினார். கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடு என்று நக்கல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அட பாவி, நீயுமா என்று மனசுக்குள் வைதேன்.

வேர்த்துக் கொட்டியது. இரண்டாவது தடவையாக என் குரல்வளையை அறுக்கிறார்கள், இந்த முறை மயக்க மருந்து இல்லாமல்.

முன்வரிசையில் இவள் எழுந்தாள். கல்யாணமாகி முப்பது வருஷம், நான் பேசுகிற மேடையில் ஒரு நாள் ஏறினதில்லை. படியில் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே வருகிறாள்! பெயரைச் சொல்லி, 'நீ எதுக்கு மேல வாரே' என்று தட்டத்தான் போனேன். பெயரைத் தட்டினதும் விரல் என்டரில் விழுந்துவிட்டது. திரையில் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

இவள் நேரே வந்தாள். பொன்னாடையை ஒரே இழுப்பாக இழுத்தாள். மெஷினை இரண்டு கையாலும் ஸ்டாண்டோடு தூக்கிக் காற்றுக்குக் காட்டினாள். அங்கே மைக் இருப்பது அவளுக்கு நினைவில்லை. செயலாளரைப் பார்த்து, "துளைய மூடிட்டா மூச்சு எப்படிங்க வரும்? ஆருக்கும் தெரியாதா இது?" என்று அதட்டினாள். ஊரே கேட்டது. மெஷினைக் கீழே வைத்து முந்தானையால் விசிறினாள்.

விசிறிச் சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது.

"ஆவுடை."

நாலு ஒலிபெருக்கியிலும். பந்தலிலும், வேப்பமரத்திலும், தேர் நிற்கிற தெருவிலும். அந்தப் பெயரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை, எந்தப் பதிவிலும் அது கிடையாது. இந்த மெஷினில்கூட இத்தனை நாளில் ஒரு தடவை தட்டியதில்லை. ஆனாலும் வந்தது. மேடைக் குரல் இல்லை, வாசலில் நுழைந்ததும் காப்பி கேட்கிற குரல்.

"இந்தா வாரேங்க" என்றாள் இவள்.

என் பக்கத்தில், கை தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு சொன்னாள். விசிறிக்கொண்டிருந்த முந்தானை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். பிறகு பெண்கள் பக்கமிருந்து கைதட்டல் எழுந்தது பாருங்கள், பந்தல் தகரம் கிடுகிடுத்துவிட்டது.

மிச்சப் பேச்சைப் பேசினேன். ஒரு வரிகூடத் தங்கவில்லை. என்ன பேசினேன் என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது.

நடுவர் எழுந்தார். "நான் என்ன தீர்ப்புச் சொல்ல? தீர்ப்பு மேடையேறி வந்து, துணிய உருவிப் போட்டுட்டுப் போயிருச்சே!" மனைவி அணிக்கே வெற்றி. தோற்றேன். கீழே இறங்கும்போது அவர் என் கையைப் பிடித்து, "ஆனியில மூணு மேடை இருக்கு லிங்கம், தேதி சொல்லுதேன்" என்றார். எபனேசர், "கை வீசி வீசிக் காட்டுனேனே அண்ணாச்சி, பொன்னாடைய எடுங்கன்னு!" என்றார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

வேனில் வரும்போது இவள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். லேப்டாப் அவள் மடியில் இருந்தது.

மே 26

காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் தாளிக்கிற சத்தம். கொஞ்சம் பொறுத்து, கையில் கரண்டியோடு இவள் நிலைப்படிக்கு வந்து நின்றாள்.

"கூப்பிட்டீங்களா?"

நான் கூப்பிடவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய் மெஷினைத் திறந்து இவள் பெயரைத் தட்டினேன்.